கத்திக்கு முன் ஒரு படம்

"வெட்டத்தானே போறாங்க, அப்புறம் எதுக்குடா படம்?" என்று பெரியப்பா கேட்டார். புராஸ்டேட் புற்றுநோய். அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பொறியாளனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

1904இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங், புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுதாக அகற்றினார். கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று முன்கூட்டியே அறிய, மலக்குடல் வழியே தடவிப் பார்க்கும் விரல்தான் கருவி. அதற்குப் பின் பல பத்தாண்டுகள், இந்த அறுவையில் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்மையை இழந்தார்கள். பலருக்குச் சிறுநீரும் அடங்கவில்லை. உயிர் மிஞ்சியதே பெரிசு என்று இருந்துவிட்டார்கள்.

1981இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பேட்ரிக் வால்ஷும் பீட்டர் டோங்கரும், இறந்து பிறந்த ஆண் சிசுவின் உடலில் அந்த நரம்புகளின் பாதையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். நரம்புகள் புராஸ்டேட்டுக்குள் இல்லை. அதன் உறைக்கு வெளியே, இரு பக்கமும் ஒட்டி ஓடுகின்றன. அடுத்த ஆண்டே அவற்றை விட்டுவைத்து வால்ஷ் அறுவை செய்தார்.

உடனே புதுக் கேள்வி வந்தது: கட்டி உறையைத் தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால், நரம்பை விட்டுவைப்பது நோயையும் விட்டுவைப்பதாகிவிடலாம். விரலால் இதைச் சொல்ல முடியாது. படத்தின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

ஜப்பானில் ஹிரோகி வதனாபே, நோயாளி உட்காரும் நாற்காலியிலேயே அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்திப் பார்த்தார். பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. செல்கள் நெருக்கியடித்திருக்கும் இடத்தில் நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடியாது. அந்தத் தடையையே அது படமாக்குகிறது. 2017இல் வெளியான பிரிட்டனின் 'ப்ராமிஸ்' ஆய்வில் 576 ஆண்கள். ஆபத்தான கட்டிகளில் எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தைப் பிடித்தது. வழக்கமான ஊசிச் சோதனை 48 சதவீதத்தைத்தான். 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று, நோய் வெளியே பரவியதைக் காண்பதில் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனின் துல்லியம் 92 சதவீதம், பழைய ஸ்கேன்களுடையது 65 சதவீதம் என்று காட்டியது.

ஆனாலும் நுண்ணிய பரவல் இன்னும் படத்துக்குத் தப்பும்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது? நரம்பு எதற்கானது என்று சொல்லும்போது தரையைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அப்ப படம், வெட்டறதுக்கு இல்ல. எதை வெட்டாம விடலாம்னு பாக்கத்தான்," என்றார்.

நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.