ஜன்னலுக்காக வண்டியைத் திரும்பக் கூப்பிடுவார்களா?



போன வாரம் என்னிடம் படித்த பையன் ஒருவன் (பையன் என்கிறேன், அவனுக்கு இப்போது நாற்பது வயது, ஜமுனாமரத்தூர் பக்கம் வேன் ஓட்டுகிறான்) போனில் ஒரு கேள்வி கேட்டான். "சார், வெளிநாட்டில் கேரவன் வண்டிகளை ஜன்னல் சரியில்லை என்று கம்பெனியே திரும்பக் கூப்பிடுகிறதாமே? ஒரு ஜன்னலுக்காகவா?" என்றான். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கேரவன் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சினிமா படப்பிடிப்பு. நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. மேலை நாடுகளில் அது குடும்பத்தோடு ஊர் சுற்றும் வீடு. கட்டில், அடுப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் உள்ளேயே இருக்கும். இப்படிப்பட்ட வண்டியில் ஜன்னலுக்கு இரண்டு வேலை. ஓடும்போது கண்ணாடி சட்டத்தை விட்டுக் கழன்று விழக்கூடாது. விழுந்தால் பின்னால் வருகிறவன் கதி என்ன? உள்ளே தீப்பிடித்தாலோ, அதே ஜன்னல் தூங்குகிறவர் தள்ளியவுடன் திறக்க வேண்டும். ஒட்டுப்பசை சரியாகப் பிடிக்காததால் கண்ணாடி கழன்றுவிடும் என்று தெரிந்து அமெரிக்காவில் பல முறை இத்தகைய வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். ஆகவே கேள்விக்குப் பதில்: ஆமாம், ஒரு ஜன்னலுக்காகத்தான்.

இந்த வழக்கம் கம்பெனிக்காரர்களின் நல்ல மனதால் வந்ததில்லை. 1965-ல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் அமெரிக்கக் கார்களின் ஆபத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். விபத்து என்றால் ஓட்டுநர் மேல் பழி போடுவதே அதுவரை வழக்கம். வண்டியின் வடிவமைப்பிலேயே கோளாறு இருக்கலாம் என்று அவர் எழுதினார். அடுத்த ஆண்டே, 1966 செப்டம்பரில், அதிபர் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். விற்று முடித்த பிறகும் வண்டி மேல் தயாரித்தவனுக்குப் பொறுப்பு உண்டு என்பது சட்டமாக நிலைபெற்றது அப்போதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே 1939-ல் ஒரு மோட்டார் வாகனச் சட்டம் இருந்தது. பிறகு 1988-ல் புதிய சட்டம் வந்தது. லைசென்ஸ், பர்மிட், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் அதில் உண்டு. ஆனால் குறையுள்ள வண்டியைத் திரும்பப் பெறச் சொல்லி அரசு உத்தரவிட அதில் வழி இல்லை.

அந்தக் காலத்தில்தான் இந்தியாவிலும் ஒரு ஜன்னல் விவகாரம் வந்தது. பலருக்கு மறந்திருக்கும். 2009-ல் தென்னாப்பிரிக்காவில் ஹோண்டா ஜாஸ் கார் ஒன்று தீப்பிடித்து இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. 2010 ஜனவரியில் அந்த நிறுவனம் உலகம் முழுவதும் சுமார் 6,46,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அதில் இந்தியாவில் விற்ற சிட்டி கார்கள் 8,532.

கோளாறு என்ன தெரியுமா? ஓட்டுநர் பக்கக் கதவில் எல்லா ஜன்னல்களையும் ஏற்றி இறக்கும் சுவிட்ச் இருக்கிறது அல்லவா, அதுதான். ஜன்னலைத் திறந்து வைத்தால் மழைத் தண்ணீர் அந்தச் சுவிட்சுக்குள் இறங்கும். உள்ளே மின்சாரம் கசிந்து சூடாகும், புகையும், சில நேரம் தீயே பிடிக்கும். நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் படிப்பதுதான்: சாதாரணத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். காரை வடிவமைத்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். மழையில் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள் என்பதுதான் தோன்றவில்லை போலும்!

அதோடு முடியவில்லை. இதே சுவிட்சுக்காக 2011-ல் அடுத்த தலைமுறை சிட்டி கார்கள் 72,115-ஐயும், 2012-ல் பழைய சிட்டி கார்களில் மேலும் 42,672-ஐயும் அழைத்தார்கள். ஒரே காரின் ஒரே சுவிட்ச், இரண்டரை ஆண்டில் மூன்று முறை. சட்டம் கட்டாயப்படுத்தாமலேயே செய்தார்கள் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் செய்யாமல் விட்டிருந்தாலும் கேட்க இங்கே சட்டம் இருந்திருக்காது. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2012 ஜூலையில் வாகனத் தயாரிப்பாளர் சங்கம் தாமாகத் திரும்பப் பெறுவதற்கு ஒரு நெறிமுறையை வகுத்தது. 2019 திருத்தச் சட்டத்தில்தான் 110ஏ என்ற பிரிவு சேர்ந்து, மத்திய அரசே உத்தரவிடலாம் என்று ஆனது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அபராதம் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை. அமெரிக்கா 1966, நாம் 2021. கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

அந்த விதியில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் எனக்கு நம் மலை நினைவுக்கு வந்தது. கட்டாயத் திரும்பப் பெறுதல் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான்.

நம் ஜவ்வாது மலையில் ஓடுகிற வேன், ஜீப், கார்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். புதிதாக ஷோரூமிலிருந்து நேரே மலையேறியவை எத்தனை? வேலூரிலோ சென்னையிலோ எட்டுப் பத்து வருஷம் ஓடி, இரண்டு மூன்று கை மாறி, விலை இறங்கிய பிறகுதான் பல வண்டிகள் இங்கே வருகின்றன. அதாவது சட்டத்தின் கணக்கில் வயது தாண்டிய பிறகு நம் கைக்கு வருகின்றன. சந்தனமும் சாமையும் தேனும் கீழே போகின்றன, கீழே கழித்த வண்டி மேலே வருகிறது.

இளைய வண்டியாக இருந்தாலும் இன்னொரு சிக்கல். கம்பெனியின் கடிதம் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயருக்குத்தான் போகும். வண்டி கை மாறினால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்று 1988 சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்கிறது. நம்மூரில் பலரும் அதைச் செலவு என்றுதான் பார்க்கிறார்கள். வருஷக்கணக்கில் பழைய ஓனர் பேரிலேயே ஓட்டுகிறார்கள். கடிதம் அவர் வீட்டு வாசலுக்குப் போகும். வண்டியோ மலை ஏற்றத்தில் இருக்கும்.

கார் கம்பெனிக்காவது ஒரு முகவரி உண்டு. பாடி கட்டிய வண்டிக்கு? சேசிஸ் ஓரிடத்தில் தயாராகிறது, பாடி கரூர் போன்ற ஊர்ப் பட்டறைகளில் கட்டப்படுகிறது. கரூர்க்காரர்கள் கைத்திறனில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் ஜன்னல், கதவு, தரைப்பலகை எல்லாம் பாடியோடு சேர்ந்தவை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். ஆசிரியராக இருந்த எவரும் அந்தச் செய்தியை மறந்திருக்க மாட்டோம். உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்த பிறகுதான் தமிழகத்தில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி, அவசர வழி எல்லாம் அப்போது கட்டாயமாயின.

2013 அக்டோபர் 30-ல் தெலங்கானாவின் பாலம் அருகே பெங்களூருவிலிருந்து போன ஏசி பேருந்து எரிந்து 45 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபரில் கர்னூல் அருகே இன்னொரு பேருந்து எரிந்து 19 பயணிகள் இறந்தார்கள். தப்பியவர்களில் பலர் ஜன்னல் கண்ணாடியை உடைத்து வந்தவர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துப் போளூர் பஸ்ஸில் ஜன்னலுக்கு ஷட்டர்தான். மழை வந்தால் பாதி இறங்கும், பாதி இறங்காது; நனைந்துகொண்டே வருவோம். ஆனால் அந்த ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிக்கலாம், ஆபத்தென்றால் ஒரு குழந்தையை வெளியே தூக்கிக் கொடுக்கலாம். ஏசி வண்டியில் கண்ணாடி திறக்காது. சுத்தியல் எங்கே இருக்கிறது என்று ஏறும்போதே பார்த்து வைத்தால்தான் உண்டு.

வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன், வீட்டுப்பாடம் என்றே வைத்துக் கொள்ளுங்கள். ஆர்.சி.யில் சேசிஸ் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை வேலூரோ திருவண்ணாமலையோ போகும்போது அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, "இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள். நீங்கள் எத்தனையாவது ஓனர் என்பது அதற்குத் தேவையில்லை. பாக்கி இருந்தால் அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றித் தருவார்கள். கேட்டவர்கள் கீழே கமெண்டில் என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.