குருதியிழப்பும் அதிர்ச்சியும்: காயப்பட்டவரின் முதல் நிமிடங்கள்

வன்னியிலிருந்து வந்த குடும்பங்கள் கூடும் இடங்களில் ஒரே கதையைப் பல வாய்களில் கேட்டிருக்கிறோம். எறிகணைத் துண்டு பட்டு பங்கர் வாசலில் கிடந்தவர் "தண்ணி, தண்ணி" என்று கேட்டார். கொடுத்தவர்கள், "நாங்கள் குடுத்த தண்ணியாலதான் போனாரோ" என்று இன்றும் கேட்கிறார்கள். கொடுக்காதவர்கள், "கடைசியாக் கேட்டதைக்கூடக் குடுக்கேல்லை" என்று அழுகிறார்கள். இந்த இரண்டு பேருக்கும் வைத்தியத்தில் பதில் இருக்கிறது.

நாம் வைத்தியத் துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். வணிகவியல் படித்து, வந்த நாட்டிலும் கணக்கெழுதியே பிழைக்கிறோம். இங்கே ஒரு முதலுதவி வகுப்பில் கற்றதையும் அதன் பின் தேடி வாசித்ததையும் எம்மவருக்குப் பயன்படும் என்று ஒழுங்குபடுத்தித் தருகிறோம்.

அதிர்ச்சி என்பது என்ன?

பேச்சு வழக்கில் அதிர்ச்சி மனதுக்கு வருவது. வைத்தியத்தில் அது வேறு. உடலின் உறுப்புகளுக்குப் போதிய குருதி போய்ச் சேராத நிலையே அதிர்ச்சி. காயப்பட்டவர்களில் இதற்கு முதற் காரணம் குருதியிழப்பு.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி இருக்கிறது. முக்கால் லீற்றர் வரை போனால் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒன்றரை லீற்றரை நெருங்கும்போது நாடி வேகமாகும், தோல் வெளிறிக் குளிரும், வியர்க்கும், தாகம் எடுக்கும், ஆள் அந்தரப்படுவார். 2 லீற்றருக்கு மேல் போனால் மயக்கமும் மரணமும் அருகில். 10 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருக்கும் மொத்தக் குருதியே சுமார் 800 மில்லிலீற்றர். ஒரு தேநீர்க் கோப்பை அளவு போனாலே அது நாலில் ஒரு பங்கு.

உடல் இந்த இழப்பை மறைக்கப் பார்க்கும். தோலுக்கும் குடலுக்கும் போகும் குருதியைக் குறைத்து, இதயத்துக்கும் மூளைக்கும் அனுப்பும். குருதி அழுத்தம் பிந்தியே விழும். கணக்கில் இலாபம் காட்டிக்கொண்டே கையிருப்புத் தீர்ந்துபோன கடைகளை எமது தொழிலில் கண்டிருக்கிறோம். "கதைச்சுக்கொண்டுதானே இருந்தவர்" என்று எம்மவர் சொல்லும் மரணங்கள் பல இப்படி நிகழ்ந்தவை.

போர்க்களங்கள் கற்றுத் தந்தது

கையிலோ காலிலோ காயத்துக்கு மேலே பட்டியைக் கட்டி, தடியால் முறுக்கிக் குருதியை நிறுத்தும் முறை 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1718 இல் பிரெஞ்சு சத்திர சிகிச்சை நிபுணர் ழான் லூயி பெத்தி திருகாணி வைத்த டூர்னிக்கெட் பட்டியைச் செய்தார். ஆனால் பட்டி கட்டினால் கால் போய்விடும் என்ற அச்சத்தால், அது கடைசி வழி என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது.

அந்த எண்ணத்தை ஈராக் போர் மாற்றியது. பக்தாத்தில் இருந்த அமெரிக்க இராணுவ வைத்தியசாலை ஒன்றில் பட்டி கட்டப்பட்ட 232 பேர் பற்றிய ஆய்வு 2009 இல் வெளியானது. அதிர்ச்சி நிலை வருமுன் பட்டி கட்டப்பட்டவர்களில் 90 வீதத்தினர் பிழைத்தார்கள். வந்த பின் கட்டப்பட்டவர்களில் பிழைத்தது 10 வீதம் மட்டுமே. பட்டியால் மட்டும் எவரும் கை கால் இழக்கவில்லை.

செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் பாதுகாப்பு. அடுத்து அவசர அழைப்பு: ஐரோப்பாவில் 112, பிரித்தானியாவில் 999, கனடாவில் 911, அவுஸ்திரேலியாவில் 000.

உடுப்பை வெட்டிக் காயத்தைத் தேடுங்கள். முதுகு, கக்கம், தொடை இடுக்கு ஆகியவற்றையும் பாருங்கள். கண்டவுடன் துணியை வைத்து, இரு கைகளாலும் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.

கை கால்களில் அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் மேலே, மூட்டைத் தவிர்த்து, பட்டியைக் கட்டி முறுக்குங்கள். ஓட்டம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். கடுமையாக நோகும், அதற்காக இளக்கக் கூடாது. கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். அவிழ்ப்பது வைத்தியரின் வேலை. முறையான பட்டி இல்லாவிட்டால் அகலமான துணியும் உறுதியான தடியும் உதவும். கயிறும் கம்பியும் வேண்டாம், அவை சதையை வெட்டும்.

தொடை இடுக்கிலும் கக்கத்திலும் பட்டி கட்ட முடியாது. அங்கே சுத்தமான துணியைக் காயத்தின் ஆழம் வரை திணித்து, மேலே அழுத்திப் பிடியுங்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் திணிக்கக் கூடாது. நெஞ்சுத் துளையைக் காற்றுப் புகாதபடி அடைக்க வேண்டாம். வெளியே வந்த குடலை உள்ளே தள்ளாமல் ஈரத் துணியால் மூடுங்கள். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள்.

பிறகு ஆளைப் படுக்க வைத்து, கீழேயும் மேலேயும் போர்த்திச் சூடாக வைத்திருங்கள். உடல் குளிர்ந்தால் குருதி உறையாது. வெயில் ஊரில் இருந்து வந்த நாம் இதை மறந்துவிடுகிறோம்.

அந்தத் தண்ணீர்

தாகம் குருதியிழப்பின் அறிகுறி. இங்கே அம்புலன்ஸ் விரைவில் வரும். சத்திர சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம் என்பதால், குடிக்கக் கொடுக்காமல் உதட்டை நனைத்தால் போதும். ஆனால் உதவி வரத் தாமதமாகும் போர்க்களத்தில், நினைவோடு விழுங்கக்கூடியவருக்குத் தண்ணீர் கொடுக்க இராணுவ முதலுதவி வழிகாட்டல்களே இடமளிக்கின்றன.

ஆகவே ஒரு மிடறு தண்ணீரால் உங்கள் உறவு போகவில்லை. கொடுக்காமல் விட்டதாலும் போகவில்லை. குருதி நிற்காததால் போனது. நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஓடும் குருதியை எந்தக் கையாலும் அழுத்தி நிறுத்த முடியாது. அதற்குச் சத்திர சிகிச்சைக் கூடமும் இரத்த வங்கியும் வேண்டும். 2009 இல் அங்கிருந்த வைத்தியர்கள், ஏற்றுவதற்குக் குருதி இல்லாமல், காயப்பட்டவரின் சொந்தக் குருதியையே துணியில் வடித்து மீண்டும் ஏற்றினார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை சொல்கிறது. அவர்களிடமே இல்லாததைப் பங்கர் வாசலில் இருந்த நீங்கள் எப்படிக் கொடுத்திருக்க முடியும்?

இன்று எமது பிள்ளைகள் நெடுஞ்சாலைகளில் ஓடுகிறார்கள், தொழிற்சாலைகளில் இயந்திரங்களோடு நிற்கிறார்கள். இங்கே எல்லாம் இருக்கிறது, முதல் ஐந்து நிமிடங்களுக்கான ஆளைத் தவிர. அந்த ஆள் பக்கத்தில் நிற்பவர்தான். எமது தமிழ்ப் பாடசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு முறையாவது முதலுதவி வகுப்பு வைக்கட்டும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாசலில் காத்திருக்காமல் பெரியவர்களும் உள்ளே போய் இருப்போம்.