கணினி இசையில் சுழல் பேட்டர்ன்கள்: நகலும் மாற்றமும்

சில சுரங்களையோ தாளத் தட்டுகளையோ கொண்ட சிறு தொடரை எழுதி, அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பாடலைக் கட்டுவது கணினி இசையமைப்பில் பரவலான முறையாகும். இச்சிறு தொடர் பேட்டர்ன் என்றும், அது சுழன்று ஒலிப்பது லூப் என்றும் அழைக்கப்படுகின்றன. ஒரு தொடரைத் திரும்ப ஒலிக்கவைப்பது தொடக்கம் முதலே எளிதாக இருந்தது. ஐந்தாம் சுற்றில் ஒரே ஒரு சுரத்தை மட்டும் மாற்றுவதுதான் கடினம். இம்மென்பொருள்களின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தச் சிக்கலைச் சுற்றியே அமைந்துள்ளது.

மென்பொருளுக்கு முன்

1960களில் உருவான மூக் 960 என்னும் சீக்வென்சரில் வரிசைக்கு 8 வீதம் மூன்று வரிசைகளில் குமிழ்கள் இருந்தன. ஒவ்வொரு குமிழும் ஒரு மின்னழுத்தத்தைத் தரும். அதைக் கொண்டு சுரத்தின் உயரத்தை அமைக்கலாம். தொடர் சுழன்றுகொண்டிருக்கும்போதே குமிழைத் திருப்பினால் அடுத்த சுற்றிலேயே மாற்றம் கேட்கும். ஜெர்மனியின் டேஞ்சரின் டிரீம் குழு 1974இல் வெளியிட்ட ‘ஃபேட்ரா’ இசைத்தொகுப்பில் மூக் சீக்வென்சரின் சுழற்சியைக் கேட்கலாம். ஆனால் இக்கருவிக்கு நினைவகம் கிடையாது. குமிழைத் திருப்பியபின் பழைய அமைப்பு வேண்டுமென்றால் காதால் கேட்டுத்தான் மீண்டும் கொண்டுவர வேண்டும்.

1977இல் வந்த ரோலண்ட் எம்சி-8 நுண்செயலியைக் கொண்டது. அது சுரங்களை நினைவில் வைத்தது. எனினும் உயரம், நீளம் எல்லாவற்றையும் எண்களாகத் தட்டெழுத வேண்டியிருந்தது. 1980இல் வந்த டிஆர்-808 தாளக் கருவி 16 பொத்தான்களை ஒரே வரிசையில் வைத்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு தட்டு சேரும்; மறுபடி அழுத்தினால் நீங்கும். இன்றைய மென்பொருள்களின் திரையில் தெரியும் 16 கட்டங்கள் இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன.

1983இல் வந்த மிடி முறை ஒலியைச் சேமிப்பதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தத்துடன் என்ற கட்டளைகளையே அனுப்புகிறது. ஒலிப்பதிவு நாடாவில் ஒரு சுரத்தை மட்டும் பிரித்தெடுத்து உயர்த்த முடியாது. மிடியில் அது ஓர் எண்ணை மாற்றும் வேலைதான்.

டிராக்கர்கள்

1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகா கணினிக்காக ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ என்னும் மென்பொருளை எழுதினார். அதிலிருந்து டிராக்கர் என்ற மென்பொருள் வகையே தோன்றியது. இதில் சுரங்கள் திரையில் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு பேட்டர்னுக்கு 64 வரிகள். ஒவ்வொரு வரியிலும் நான்கு ஒலித்தடங்கள். அமிகாவின் ஒலிச் சில்லு ஒரே நேரத்தில் நான்கு ஒலிகளையே எழுப்பும் என்பதே இந்த நான்குக்குக் காரணம்.

இதன் கணக்கைப் பார்ப்பது பயன் தரும். ஓர் இடத்துச் சுரத்துக்கு 4 பைட். நான்கு தடங்களுக்கு 16 பைட். 64 வரிகளுக்கு 1,024 பைட். பாடல் என்பது எந்த எண்ணுள்ள பேட்டர்ன் எதற்குப் பின் வரும் என்ற பட்டியல் மட்டுமே. அதில் ஓர் இடத்துக்கு ஒரு பைட் போதும். ஆகவே ஒரு பேட்டர்ன் பத்து முறை ஒலித்தாலும் 1,034 பைட்தான் செலவு. பத்து முறையும் தனித்தனியே எழுதினால் 10,240 பைட். அமிகா 500இன் அடிப்படை நினைவகம் 512 கிலோபைட். ஒலி மாதிரிகளும் அதிலேயே இடம் பிடிக்கும். சிக்கனம் கட்டாயமாக இருந்தது.

அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. பத்தாம் முறை மட்டும் முரசை ஒரு தட்டு கூட்ட விரும்பி 5ஆம் பேட்டர்னில் எழுதினால், பத்து இடங்களிலும் அது கூடிவிடும். அதைத் தவிர்க்க முழுப் பேட்டர்னையும் வேறோர் எண்ணில் நகலெடுத்து, அங்கே திருத்தி, பட்டியலில் அந்த எண்ணைச் செருக வேண்டும். ஒரு தட்டுக்காக 1,024 பைட்! பின்னர் வந்த புரோடிராக்கரில் பேட்டர்னைப் பாதியில் முறித்து அடுத்ததற்குத் தாவும் கட்டளையும், உள்ளே சில வரிகளை மட்டும் சுழலவிடும் கட்டளையும் இருந்தன. புதிய பேட்டர்ன் எழுதாமலே வேறுபாடு காட்ட இவை உதவின.

பிணைந்த நகல், தனி நகல்

1989இல் அட்டாரி எஸ்டி கணினிக்கு வந்த கியூபேஸ், இசைப் பகுதிகளை இடமிருந்து வலமாகத் துண்டுகளாக அடுக்கிக் காட்டியது. பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனத்தில் டிடியே டாம்பிரான் உருவாக்கிய ஃப்ரூட்டிலூப்ஸ் 1997இல் தொடங்கியது. 2003இல் எஃப்எல் ஸ்டுடியோ எனப் பெயர் மாறியது. நினைவகப் பஞ்சம் தீர்ந்தபின்னும் பழைய ஏற்பாடு மறையவில்லை. எஃப்எல் ஸ்டுடியோவில் ஒரே பேட்டர்னை முப்பது இடங்களில் வைத்து, ஓரிடத்தில் திருத்தினால் முப்பதும் மாறும். ஓரிடம் மட்டும் மாற ‘மேக் யுனிக்’ என்ற கட்டளையைத் தர வேண்டும். கியூபேசிலும் பிணைந்த நகல், தனி நகல் என இருவகை உண்டு.

புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆயினும் இதைக் குறை எனச் சொல்ல முடியாது. அடித்தொடரில் ஒரு சுரம் தவறென்று கடைசி நாளில் தெரிந்தால், பிணைந்த நகலில் ஒரு திருத்தம் போதும். தனி நகல்களில் முப்பது திருத்தங்கள் தேவை.

நேரமும் தற்செயலும்

சுரத்தை மாற்றாமல் அது விழும் நேரத்தை மட்டும் மாற்றியும் சலிப்பைப் போக்கலாம். ரோஜர் லின் 1980இல் வெளியிட்ட எல்எம்-1 தாளக் கருவி, கையால் தட்டிய தட்டுகளைச் சரியான கட்டத்துக்கு இழுத்தது. வேண்டுமென்றால் இரட்டைப்படைத் தட்டுகளைச் சற்றுத் தாமதப்படுத்தவும் செய்தது. டெட்ராய்ட் நகரின் ஜே டில்லா, தட்டுகளைக் கட்டத்திலிருந்து சற்று முன்னும் பின்னும் விலக்கியே பெயர் பெற்றார். லின் வடிவமைத்த அவரது எம்பிசி 3000 கருவி இன்று வாஷிங்டனிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

மாற்றத்தைக் கணினியிடமே விட்ட முயற்சியும் உண்டு. 1980களின் பிற்பாதியில் டேவிட் சிக்காரெல்லி, ஜோயல் சாடபே முதலியோர் உருவாக்கிய ‘எம்’ மென்பொருளில் ஒரு தொடரை எழுதிய வரிசையிலோ, ஒருமுறை கலைத்துப்போட்ட வரிசையிலோ, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைத்தோ ஒலிக்கவைக்கலாம். 2021இல் வந்த ஏபிள்டன் லைவ் 11, ஒவ்வொரு சுரத்துக்கும் அது ஒலிக்கும் வாய்ப்பைச் சதவீதமாகத் தர வழிசெய்தது. 50 என்று வைத்தால் அச்சுரம் சராசரியாக இரு சுற்றுக்கு ஒருமுறை வரும். எந்தச் சுற்றில் என்பது எழுதியவருக்கும் தெரியாது. அப்படி வந்த ஒரு சுற்று மனத்துக்குப் பிடித்துவிட்டால் உடனே பதிவு செய்துகொள்ள வேண்டும். அடுத்த முறை ஒலிக்கவிடும்போது அது வேறாக இருக்கக்கூடும்.