புல்மலையிலிருந்து தேயிலைமலைக்கு: ஊவாப் பத்தனைகளில் குடித்தொகை, பொருளாதார மாற்றங்கள் (1817–2024)

1. ஆய்வுப் பொருளும் வாதமும்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், அப்புத்தளையிலிருந்து பதுளைக்கு இறங்கும் புகையிரதப் பாதையில் ஒரே மலைச்சரிவில் நான்கு வகை நிலங்கள் கண்ணில் படும். மேலே மானாப்புல் மூடிய பத்தனை; அதையொட்டி பைன் அல்லது யூக்கலிப்டஸ் தோப்பு; நடுவில் தேயிலையும் தொழிலாளர் லயங்களும்; பள்ளத்தில் வயலும் மரக்கறித் தோட்டமுமாகச் சிங்களக் கிராமம். போர், நிலச்சட்டம், பயிர்நோய், உலகச் சந்தை, குடியுரிமை ஒப்பந்தம் என இருநூறு ஆண்டுகளில் வந்துபோனவை எல்லாம் சேர்ந்தே இந்த அடுக்கை உண்டாக்கின.

ஊவாவின் பெருந்தோட்ட வரலாறு பெரும்பாலும் தேயிலையிலிருந்தே சொல்லப்படுகிறது. இக்கட்டுரை தேயிலைக்கு முன்பிருந்த புல்வெளியிலிருந்து அதைத் தொடங்குகிறது. காரணம் இதுதான்: பயிரிடப்படாத நிலம் அனைத்தும் அரசுக்கே உரியது என்று 1840 இல் எழுதப்பட்ட சட்டம் கிராமத்தவரிடமிருந்து மேய்ச்சல் நிலத்தைப் பறித்தது, அதே சட்டம் உருவாக்கிய தோட்டங்கள், அங்கு குடியேறிய தமிழரைத் தலைமுறை தலைமுறையாக நிலமற்றவர்களாக வைத்தன. ஊவாவின் பிற்காலக் குடித்தொகை ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதியை இந்த இரட்டை இழப்பைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

2. பத்தனையின் பழைய பொருளாதாரம்

தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவுக்குள் வரும்போது வறண்ட காற்றாக இறங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் இந்தக் காற்றில் புல் காய்ந்து சருகாகும். ஊவாவுக்கு நல்ல மழை தருவது ஒக்டோபருக்குப் பிந்திய மாதங்களே. வறட்சியும் தீயும் ஆண்டுதோறும் திரும்பி வரும் இந்நிலத்தில் மானாப்புல்லும், தீயைத் தாங்கும் தடித்த பட்டை கொண்ட சில மரங்களும் நிலைத்தன. நெல்லியும் கடுக்காயும் தான்றியும் தாழ்ந்த பத்தனைகளில் இன்றும் நிற்கின்றன.

பத்தனை காலநிலையால் உண்டானதா, மனிதர் காட்டை எரித்ததால் உண்டானதா என்ற விவாதம் பழையது. தாவரவியலாளர் பியர்சன் 1899 இல் இலங்கைப் பத்தனைகளின் தாவரங்களைப் பற்றி விரிவாக எழுதினார்; வன அலுவலர் ஹோம்ஸ் 1951 இல் நாட்டின் புல்வெளிகளை வகைப்படுத்தினார். மூலம் எதுவாயினும், ஆண்டுதோறும் இட்ட தீயும் மேய்ந்த மாடுகளும் பத்தனையைப் பத்தனையாகவே வைத்திருந்தன என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

கிராமப் பொருளாதாரத்தில் வயல், சேனை, பத்தனை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்திருந்தன. பள்ளத்து வயலில் நெல். சரிவை வெட்டி எரித்த சேனையில் குரக்கன். பத்தனையில் மாடும் எருமையும். வயலைச் சேறாக மிதித்ததும், கதிரடிக்கும் களத்தில் சுற்றியதும், மண்ணுக்கு எரு தந்ததும் இந்த எருமைகளே. கோடையில் பத்தனைக்குத் தீ வைத்தால் மழைக்குப் பின் இளம்புல் துளிர்க்கும். முற்றிய மானாப்புல் கூரை வேய உதவும். பத்தனைக்கு உறுதிப்பத்திரமோ வேலியோ கிடையாது. ஆனால் எந்த ஊர் மாடு எந்த மலையில் மேயும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

3. 1817–1818: மக்களும் மந்தைகளும் அழிந்த காலம்

கண்டி இராச்சியம் 1815 இல் பிரித்தானியர் கைக்குச் சென்ற இரண்டே ஆண்டுகளில் ஊவா–வெல்லஸ்ஸ கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்க ஆளுநர் பிரௌன்றிக் படைபலத்தோடு பட்டினியையும் கருவியாக்கினார். வீடுகள் எரிக்கப்பட்டன, நெல் களஞ்சியங்கள் அழிக்கப்பட்டன, மாடுகள் கொல்லப்பட்டன அல்லது ஓட்டிச் செல்லப்பட்டன. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

அப்போது படை மருத்துவராக இருந்த ஜோன் டேவி, போரிலும் நோயிலும் பட்டினியிலும் இறந்த உள்நாட்டவர் 10,000 பேர் வரை இருக்கலாம் எனத் தமது 1821 ஆம் ஆண்டு நூலில் மதிப்பிட்டார். பிரித்தானிய அரச அலுவலர் ஹெர்பர்ட் வைட் 1893 இல் வெளியிட்ட ஊவாக் கையேடும் அந்த அழிவிலிருந்து ஊவா மீளாததை ஒப்புக்கொண்டது. எருமை போனதால் வயல் தரிசானது. ஆள் குறைந்ததால் அணைகளும் வாய்க்கால்களும் சிதைந்தன. ஊவாவின் மலைகள் ஆளற்று, வெறுமையாகத் தோன்றியதற்கு இந்த அழிவும் ஒரு காரணம். பிறகு வந்த நிலச்சட்டமோ அந்த வெறுமையையே அரசின் உரிமைக்கு ஆதாரமாக்கியது.

4. 1840: புல் அரசுக்குரியதானது

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய நிலங்கள் ஆக்கிரமிப்புச் சட்டம், காடு, தரிசு, குடியிருப்பற்ற, பயிரிடப்படாத நிலங்கள் யாவும் முடிக்குரியவை எனக் கருதப்படும் என்றது. மறுப்பவர் ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும். ஊர் வழக்கத்தால் மட்டுமே ஆளப்பட்ட பத்தனைக்கு எந்த ஊரவரிடமும் ஆவணம் இருக்கவில்லை. ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்கப்பட்ட முடிக்குரிய நிலத்தின் விலை 1844 இல் 20 சிலிங்காக உயர்ந்தது. அப்போதும் அதை வாங்கக் கூடியவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளும் வணிகர்களும் தோட்டத்துரைமாருமே. 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலச்சட்டம் அரசின் பிடியை மேலும் இறுக்கியது.

தோட்டங்களின் முதற்பயிரான கோப்பிக்குக் காட்டு மண்ணே உகந்தது என்பதால் முதலில் அழிந்தவை காடுகள். ஆனால் கோப்பித் தோட்டத்துக்கு எருவும் வேண்டியிருந்தது. எருவுக்கு மாடும், மாட்டுக்குப் புல்லும் வேண்டும். தோட்டம் காட்டோடு நிற்காமல் பத்தனைக்குள்ளும் நீண்டது. மாடுகள் பழகிய மலைக்கு மேயப் போனபோது அங்கே கோப்பிச் செடி நின்றது. பிடிபட்ட மாட்டை மீட்கத் தண்டம் கட்ட வேண்டும்; கட்ட முடியாதவன் மாட்டை இழப்பான். 1876 இன் கால்நடை அத்துமீறல் சட்டத்தின் கீழ் மலைநாடெங்கும் இத்தகைய வழக்குகள் பெருகின. மேய்ச்சல் குறைந்தது, மந்தை சுருங்கியது, எருவின்றி வயலின் விளைச்சலும் தளர்ந்தது. காசுப் பொருளாதாரத்துக்குள் ஊவாக் கிராமம் காலடி வைத்தது இந்த இழப்போடுதான்.

5. கோப்பி வீழ்ச்சியும் தமிழர் குடியேற்றமும்

1869 இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் காணப்பட்டன. இலைத்துரு நோய் இலங்கையில் முதலில் கண்டறியப்பட்டது அங்கேதான். அடுத்த இரு தசாப்தங்களில் நாட்டின் கோப்பித் தொழில் சரிந்தது. சிலகாலம் சிங்கோனா, பிறகு தேயிலை. பயிர் மாறியதோடு குடித்தொகையின் அமைப்பும் மாறியது.

கோப்பிக்கு அறுவடை மாதங்களில்தான் கூடுதல் ஆள் தேவை. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணியின் கீழ் வந்தவர்களில் பலர் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர்; வந்தவர்களில் ஆண்களே மிகுதி. தேயிலையில் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். வாரந்தோறும் ஒவ்வொரு மலையையும் எடுத்தாக வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் தேவைப்பட்டனர். தனியாட்கள் வந்துபோன மலைக்குக் குடும்பங்கள் வந்து தங்கின; லயத்தில் பிறந்த பிள்ளைகள் அந்தத் தோட்டத்திலேயே பேர் பதிந்தனர்.

1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். புகையிரதம் 1894 இல் பண்டாரவளையையும் 1924 இல் பதுளையையும் எட்டியது. முன்பு பத்தனைப் புல்லைக் காயவைத்த அதே வறண்ட காற்று இப்போது ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற மணத்தைத் தந்தது. ஜூலை–செப்டம்பர்க் கொழுந்துக்கு உலகச் சந்தையில் தனி விலை கிடைத்தது. அந்த விலையால் உயர்ந்தவர்கள் கம்பனிக்காரர்கள். பெரட்டில் (காலை ஆட்கணக்கெடுப்பில்) பேர் கொடுத்து மலையேறியவர்களுக்குக் கிடைத்தது நாட்கூலியும், வேலை இருக்கும் வரை ஒரு லயக் காம்பராவும் (அறையும்).

கிராமத்தவரும் தோட்டத்தவரும் அயலவர்களாயினும் எதிரெதிர்க் கணக்குகளோடு வாழ நேர்ந்தது. தன் மேய்ச்சல் நிலத்தில் அந்நியர் குடியிருப்பதைக் கிராமத்தவன் கண்டான். ஆனால் அங்கு குடியிருந்தவனுக்கு ஒரு முழ நிலமும் சொந்தமில்லை. இருவரையும் இந்நிலைக்கு ஆளாக்கிய சட்டமும் மூலதனமும் இருவர் கண்ணிலும் படாத தொலைவில் இருந்தன.

6. 1948–1984: குடித்தொகை சரிந்த காலம்

1947 பொதுத்தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற 7 ஆசனங்களுள் பதுளையும் ஒன்று. அடுத்த ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் எதிர்காலத்தைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன.

நாடளாவிய கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் தொகை 1971 இல் ஏறத்தாழ 11.7 இலட்சம், 1981 இல் 8.2 இலட்சத்துக்கும் குறைவு. பத்தே ஆண்டுகளில் இவ்வளவு பேர் குறைந்ததற்குத் தாயகம் திரும்புதல் முதற்காரணம். இனவன்முறைக்கு அஞ்சி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்குப் பெயர்ந்தவர்கள் இன்னொரு பகுதியினர். 1972 நிலச்சீர்திருத்தமும் 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் நிலத்தை மறுபங்கீடு செய்தன. தோட்டத் தொழிலாளர் அந்தப் பங்கீட்டில் உரியவர்களாகக் கருதப்படவில்லை. அதே ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் லயங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. சொந்தக் கொல்லை உள்ள கிராமத்தவன் மரவள்ளி நட்டுத் தப்பினான். கூலியும் கூப்பன் அரிசியும் மட்டுமே கதியானவர்களுக்கு அந்த வழியும் இருக்கவில்லை. நிலமின்மை உயிரைப் பறிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மலையக வரலாற்றில் இல்லை.

தாயகம் திரும்பியோரில் பல குடும்பங்கள் நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தெடுக்கச் சென்றன. அங்கும் வரலாறு ஒத்தே நடந்திருந்தது: பழங்குடியினரான தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் தரிசாகக் கணிக்கப்பட்டு, தேயிலைக்கும் சீகைமரத்துக்கும் யூக்கலிப்டசுக்கும் போயின.

7. பைனும் உருளைக்கிழங்கும்

சுதந்திர இலங்கையின் அரசும் பத்தனையை நிரப்பப்பட வேண்டிய வெற்றிடமாகவே பார்த்தது. தேயிலைத் தொழிற்சாலைகளின் விறகுக்காக யூக்கலிப்டஸ் முன்பே வந்திருந்தது. 1970களுக்குப் பின் வனத்திணைக்களம் ஊவாச் சரிவுகளில் கரீபியன் பைனைப் பரவலாக நட்டது. மண்ணரிப்பைத் தடுப்பதே நோக்கம். ஆனால் பைன் சருகின் கீழ் மாடு மேயப் புல் முளைக்காது. கோடையில் அச்சருகு எளிதில் தீப்பற்றும். ஊற்றுகள் வற்றியதற்கும் கிராமத்தவர் இந்தத் தோப்புகளையே காரணம் காட்டினர்.

மந்தை சுருங்கிய கிராமத்துக்கு வேறொரு பயிர் கைகொடுத்தது. 1967 இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டதும் வெலிமடை, ஊவா பரணகமப் பகுதி உழவர் பெரும்போகத்தில் நெல், சிறுபோகத்தில் அதே வயலில் கிழங்கு எனப் பழகினர். சிறுநிலத்திலும் காசு புழங்கியது. 1996 இல் இறக்குமதி தாராளமானதும் விலை ஆட்டம் கண்டது. 2021 இன் இரசாயன உரத்தடை இன்னொரு அடி. எருவுக்கு மாடில்லாமல் மூட்டை உரத்தையே நம்பியிருந்த உழவர், உரம் நின்றதும் கையறு நிலைக்கு வந்தனர்.

தேயிலைமலைக்குள்ளும் புல் திரும்பி வந்தது. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறுநடுகைக்கு முன் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் மானாப்புல் அல்லது குவாத்தமாலாப் புல் நடுவார்கள். வளர வளர வெட்டி அங்கேயே பரப்புவார்கள். தேயிலை உறிஞ்சிய மண்ணுக்கு உயிர் கொடுப்பது புல்தான் எனத் தோட்ட விவசாயமே ஏற்றுக்கொண்டது. தொழிலாளர் குடும்பங்களுக்கோ புல் இரண்டாம் வருமானம். மாலையில் கொழுந்து நிறுத்த பிறகு பெண்கள் ஒரு கட்டுப் புல் அறுத்துத் தலையில் சுமந்து வருவது ஊவாவின் எந்தத் தோட்டத்திலும் காணக்கூடியது. லயத்துக்குப் பின்னால் ஒரு பட்டி, அதில் ஒரு பசு, காலையில் பால் சேகரிப்பு நிலையத்துக்கு ஒரு கேன் பால். பிள்ளையின் கொப்பியும் சப்பாத்தும் பல வீடுகளில் அந்தப் பாலில்தான் வருகின்றன. அந்தப் பட்டி நிற்கும் இடத்துக்கும் அவர்களிடம் உறுதி இல்லை.

8. 1992க்குப் பின்

1992 இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை தந்தது. வாக்குரிமை திரும்பியும் காணியுரிமை திரும்பவில்லை. பிரதேச சபைகள் தோட்டப்புறத்துக்குச் செலவிடத் தடையாயிருந்த சட்டம் 2018 இல்தான் திருத்தப்பட்டது. வீட்டுக்கு 7 பேர்ச் காணி என்ற திட்டம் சில குடும்பங்களையே எட்டியுள்ளது.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையைக் கேட்டு எழுந்து போக அம்மக்களுக்குச் சொந்தமாக ஓர் இடம் இருக்கவில்லை.

பதுளை மாவட்டத்தின் மக்கள்தொகை 1981 இல் ஏறத்தாழ 6.4 இலட்சம், 2012 இல் 8,15,405. இக்காலத்தில் இந்தியத் தமிழரின் பங்கு ஐந்தில் ஒன்று என்ற அளவிலிருந்து சற்றுக் குறைந்தது. பலர் தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிவதும் இதற்கு ஒரு காரணம். இன்னொன்று, இளைஞர் வெளியேற்றம்: ஆண்கள் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும். தோட்டத்தில் பேர் போடுவோர் குறைய, பராமரிப்பற்ற தேயிலையை மானாப்புல் மூடுகிறது.

9. முடிவுரை

கால்நடையும் கோப்பியும் தேயிலையும் கிழங்கும் மாறி மாறி வந்த இந்த இருநூறு ஆண்டுகளில், நிலம் யாருடையது என்ற கேள்விக்கான பதில் மட்டும் 1840 இலிருந்து பெரிதாக மாறவில்லை. உறுதி இல்லாதவன் முதலில் மேய்ச்சலை இழந்தான். பிறகு உறுதியே கிடைக்காத இன்னொருவன் அந்த மலையில் உழைக்கக் கொண்டுவரப்பட்டான். அரசுகளின் ஒப்பந்தத்தில் பெயர்த்து அனுப்பப்பட்டான். எஞ்சியவனின் பிள்ளைகள் இன்று தாமாகவே பெயர்கின்றனர்.

எனவே இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பத்தனையைச் சீர்கெட்ட காடாகக் கருதி மரம் நட்டு நிரப்பும் கொள்கை கைவிடப்பட வேண்டும். மந்தை, எரு, நீரூற்று ஆகியவற்றோடு இணைந்த பயன்பாட்டு நிலமாக அது மீண்டும் ஏற்கப்பட வேண்டும். இரண்டாவது, கைவிடப்படும் தேயிலைமலைகள் அங்கேயே ஐந்தாறு தலைமுறையாக உழைத்த குடும்பங்களுக்கு வீட்டுக்காணியாகவும் பயிர்க்காணியாகவும் உறுதியோடு வழங்கப்பட வேண்டும். சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்கள் நாட்டின் தேயிலையில் பெரும்பங்கை விளைவிக்கிறார்கள். அதே உரிமை தோட்டத் தொழிலாளருக்குக் கிடைத்தால் அவர்களாலும் அதைச் செய்ய முடியும். தேயிலையை நட்டு வளர்த்த கைகள் அவர்களுடையவை. கூலி உயர்வு மட்டும் இளைஞரை மலையில் நிறுத்தாது. காணி உறுதி கிடைத்தால் அவர்கள் தங்குவதற்கு ஒரு காரணம் உண்டாகும்.