ஆரியச் சக்கரவர்த்தியின் பல்லக்கும் சிவனொளிபாதமும்

சிவனொளிபாதமலைக்கு இரவில் ஏறி, உச்சியில் சூரியோதயம் காண்பதே வழக்கம். மனைவியின் முழங்கால் வலி காரணமாக நாம் சென்ற ஆண்டு பெப்ரவரியில் காலை ஆறு மணிக்கு நல்லதண்ணியிலிருந்து புறப்பட்டோம். பகலில் ஏறினால் வெயில் உண்டு. ஆனால் காடு கண்ணிற் படும். 1940 இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த வனம் அது. இரவில் ஏறுகின்றவர்கள் முன்னால் செல்பவரின் குதிகாலையே பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

முதல்நாள் மழை பெய்திருந்தது. படியை விட்டுப் புதருக்குள் இறங்கிய மகனின் காலில் அட்டை ஏறிவிட்டது. குடிப்பதற்குக் கொண்டுவந்த தேசிக்காயை மனைவி பிழிந்துவிட, அது சுருண்டு விழுந்தது. எனக்கு உடனே இப்னு பதூதா நினைவுக்கு வந்தார். 1344 இல் இம்மலை ஏறிய அந்த மொரோக்கோ நாட்டுப் பயணியும் இங்குள்ள அட்டைகளைப் பற்றியும், அவற்றின்மேற் பிழிவதற்கு மக்கள் எலுமிச்சை வைத்திருந்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

அவர் இங்கு வந்த விதம் நம்மவர்கள் அதிகம் பேசாத செய்தி. மாலைதீவிலிருந்து சென்ற அவரது கப்பலைக் காற்று ஆரியச் சக்கரவர்த்தியின் கரையில் ஒதுக்கியது. யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தி அப்போது புத்தளத்தில் இருந்தார். பாரசீக மொழி அறிந்தவர். விரும்பியதைக் கேள் என்றபோது, பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்பதை மட்டுமே விருந்தாளி கேட்டார். மன்னர் பல்லக்கும், நான்கு யோகிகளையும், மூன்று பிராமணர்களையும், துணைக்குப் பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் கொடுத்து அனுப்பினார். ஆதம் நபியின் அடிச்சுவட்டைக் காண ஒரு முஸ்லிமுக்கு வழிகாட்டியவர்கள் ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்றுவந்த யோகிகள்!

மலைக்கு 'பாபா', 'மாமா' என இரு பாதைகள் இருந்தன என்கிறார் அவர். பாபா ஆதம், மாமா ஏவாள். மாமா பாதை இலகு. அதனால் ஏறியவரை யாத்திரை செய்தவராக எவரும் மதிப்பதில்லையாம். சீமெந்துப் படியும் வழிநெடுகத் தேநீர்க்கடையும் கண்ட நம் ஏற்றத்தை அவர்கள் என்ன கணக்கில் வைத்திருப்பார்களோ!

மலை யாருடையது என்ற வழக்கும் பழையதே. சீதாவாக்கை முதலாம் இராஜசிங்கன் (1581–1593) அதைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தான் என்று சூளவம்சம் வசைபாடுகிறது. கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 18ஆம் நூற்றாண்டில் மீண்டும் பிக்குகளிடம் ஒப்படைத்தான். இவ்விரண்டையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவோரின் கையெழுத்துகள்கூட எனக்குப் பழக்கம். ஆரியச் சக்கரவர்த்தியின் பல்லக்கைப் பற்றி எழுதியவர் ஒருவரேனும் இல்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஏறினேன். கடைசிப் படிகள் ஏணிபோற் செங்குத்தானவை. அங்கே பேச்சு நின்றுவிட்டது. உச்சி 2243 மீற்றர். கீழே மவுசாக்கலை நீர்த்தேக்கம் சிறு தட்டுப்போற் கிடந்தது.

மூச்சு வாங்கி முடிந்தபின் அம்பகமுவக் கல்வெட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சோழரை வென்ற முதலாம் விஜயபாகு (1055–1110) யாத்திரிகர் படும் துன்பத்தைக் கண்டு, வழியில் அன்னதானத்துக்குக் கிராமங்களை மானியமாக விட்டான். கூடவே இன்னொன்றும் செய்தான்: குலத்தாற் குறைந்தோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நின்று வணங்க, உச்சிக்குக் கீழே தனியாக ஒரு தளம் கட்டினான். அக்காலத்தில் அது கருணையாகவே எண்ணப்பட்டிருக்கும்.

மகள் சற்று யோசித்தாள்.

"அப்பா, நாங்கள் எந்தத் தளத்தில நின்றிருப்பம்?"

அருகே ஒரு தோட்டத்துக் குடும்பம் நின்றிருந்தது. அவர்களும் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு நான் உடனே மறுமொழி சொல்லவில்லை.

எத்தனையாவது முறை ஏறினோமோ அத்தனை தரம் அங்குள்ள மணியை அடிக்க வேண்டும். பல்கலைக்கழக நாட்களில் நண்பர்களோடு ஒருமுறை ஏறியிருந்தேன். எனவே இரண்டு தரம் அடித்தேன். பிள்ளைகள் ஒவ்வொரு தரம். அந்தத் தோட்டத்துப் பெரியவர் அடிக்கத் தொடங்கினார். பதினேழு வரை எண்ணிய மகன் பிறகு எண்ணிக்கையைத் தவறவிட்டான்.