கவுரி மரம்

கவுரி, நியூசிலாந்து வடதீவின் வடபகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் மாபெரும் கூம்புக்காய் மரம். இதன் தாவரவியல் பெயர் அகாதிஸ் ஆஸ்ட்ராலிஸ். ஜுராசிக் காலத்திலிருந்தே உலகில் இருந்துவரும் அரௌகேரியா குடும்பத்தைச் சேர்ந்தது. ஊசியிலை மரங்களின் உறவானாலும் இதன் இலை ஊசியாக இருப்பதில்லை. தடித்து, தோல்போல் விறைப்பாக இருக்கும். நார்த்லாந்து, ஆக்லாந்து, கோரமண்டல் தீபகற்பம் ஆகியவை இதன் முக்கிய வாழிடங்கள். தென் அகலாங்கு 38 பாகையை ஒட்டி இதன் இயற்கைப் பரவல் முடிந்துவிடுகிறது.

இளங்கவுரி ஒல்லியாக, கூம்பு வடிவில் வளரும். உயர உயரக் கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடும். அதனால் முதிர்ந்த மரத்தின் அடிமரம் கணுவே இல்லாமல் தூண்போல் நிற்கும். பட்டையும் செதில்செதிலாக உரிந்து விழுவதால் கொடிகள் அடிமரத்தைப் பற்றி ஏற முடிவதில்லை. இன்று உயிரோடிருப்பவற்றில் மிகப் பெரியது, வைபோவா காட்டில் நிற்கும் தானே மஹுதா. அதன் உயரம் ஏறத்தாழ 51 மீட்டர், அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ 14 மீட்டர். வயதை 1,250 முதல் 2,500 ஆண்டுகள் வரை மதிப்பிடுகின்றனர். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மரபில் தானே என்பவன் காட்டின் தெய்வம். ஒட்டிக்கிடந்த வானத்தந்தையையும் மண்தாயையும் பிரித்து உலகுக்கு ஒளி தந்தவன்.

கவுரியின் உயரத்தைவிட அதன் காலடி மண்ணே கவனிக்கத்தக்கது. உதிரும் இலையும் பட்டையும் அமிலத்தன்மை மிக்கவை, எளிதில் மட்குவதில்லை. மழைநீர் இந்தக் குப்பையின் வழியே இறங்கும்போது, மேல்மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியம், சத்துகள் யாவற்றையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. எஞ்சுவது வெளிறிய, வளமற்ற அடுக்கு. மண்ணியலார் இதைப் பொட்சால் என்பர். வேற்று மரங்கள் பல இதில் தழைப்பதில்லை. கவுரியோ தன் நுண்வேர்களை மேற்பரப்புக் குப்பைக்குள்ளேயே வலையாக விரித்து, பூஞ்சைகளின் துணையோடு, மட்கும் பொருளிலிருந்தே சத்தை எடுத்துக்கொள்கிறது. ஆழம் செல்லும் வேறு வேர்கள் மரத்தைத் தாங்கும். காட்டில் இடம்பிடித்த மரம் என்பதைவிட, தன் காட்டைத் தானே ஆக்கிக்கொண்ட மரம் என்பதே பொருத்தம். அருகருகே நிற்கும் கவுரிகளின் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் வளர்கின்றன. இலையே இல்லாத ஓர் அடிக்கட்டை, அண்டை மரங்களின் நீரோட்டத்தோடு இணைந்து உயிர்வாழ்வதை 2019இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

நாற்றுக்கு வெளிச்சம் தேவை. ஆகவே முதிர்ந்த கவுரிகளின் அடர்நிழலில் அவற்றின் கன்றுகள் அரிதாகவே தலையெடுக்கும். புயலோ தீயோ காட்டைத் திறந்துவிட்டபின் மானுக்கா, கானுக்கா புதர்கள் முதலில் முளைக்கின்றன. அவற்றின் அரைநிழலில் கவுரித் தலைமுறை ஒன்று கூட்டமாகக் கிளம்புகிறது.

மாவோரிகள் கவுரியில் படகு குடைந்தனர். பிசினை மென்றனர், தீமூட்டப் பயன்படுத்தினர், அதன் கரியைப் பச்சைகுத்தும் மையாக்கினர். 1820ஆம் ஆண்டளவில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் பாய்மரத்துக்கான மரங்களைத் தேடி வந்தன. பிறகு வந்த குடியேறிகள் வீடு, கப்பல், பாலம் எல்லாவற்றுக்கும் கவுரியையே வெட்டினர். ஓடைகளை மர அணைகளால் தேக்கி, திடீரெனத் திறந்து, அந்த வெள்ளத்தில் மரத்துண்டுகளை உருட்டிக் கடலோரம் சேர்த்தனர். மேய்ச்சல் நிலத்துக்காக எரித்ததும் கணிசம். ஏறத்தாழ 12 லட்சம் ஹெக்டேர் பரப்பில் இருந்த பழங்காட்டில், கைபடாமல் எஞ்சியது சுமார் 7,500 ஹெக்டேர்தான். இவ்வளவு பெரிய காடு நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அழிந்தது பேரிழப்பு.

மரத்தோடு பிசினும் வணிகப் பொருளானது. பழங்காடுகள் மறைந்த இடங்களில் மண்ணுக்குள் புதைந்திருந்த பிசின்கட்டிகளை மாவோரிகளும், டால்மேஷியாவிலிருந்து வந்த குடியேறிகளும் தோண்டியெடுத்தனர். வார்னிஷ், லினோலியம் ஆலைகள் அதை வாங்கின. சதுப்புநிலங்களில் பல்லாயிரம் ஆண்டுகள் அழுகாமல் கிடந்த மரங்களும் வெளிப்பட்டன. நாவா என்ற இடத்தில் 2019இல் கிடைத்த அத்தகைய மரமொன்றின் ஆண்டு வளையங்களைக் கொண்டு, ஏறத்தாழ 42,000 ஆண்டுகளுக்கு முன் புவியின் காந்தப்புலம் தடுமாறிய காலத்தை அறிவியலாளர்கள் ஆராய்ந்தனர்.

எஞ்சிய காட்டைக் காக்க விலங்கியலறிஞர் வில்லியம் மெக்ரகர் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயனாக, வைபோவா காட்டின் பெரும்பகுதி 1952இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

கோடரியிலிருந்து தப்பிய மரங்களை இன்று அச்சுறுத்துவது மண்வழி நோய். பைட்டோப்தோரா அகாதிடிசிடா என்னும் நுண்ணுயிர், எந்த நுண்வேர்களால் கவுரி வாழ்கிறதோ அவற்றையே தாக்குகிறது. நீரும் சத்தும் மேலேறாமல் இலை மஞ்சளித்து, அடிமரம் பிசின் கசிந்து, மரம் பட்டுப்போகிறது. நோயின் அறிகுறிகள் 1970களில் கிரேட் பேரியர் தீவில் காணப்பட்டன. ஆனால் இந்த நுண்ணுயிர் தனி இனமாக விவரிக்கப்பட்டது 2015இல்தான். அதன் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். காலணியில் ஒட்டும் சிறிதளவு சேறே அவற்றை வேறு காட்டுக்குக் கொண்டுசேர்க்கப் போதும். காட்டுப்பன்றிகளும் பரப்புகின்றன. 2017இல் தே கவேராவு ஆ மாகி என்ற மாவோரி இனக்குழு, வைதாகெரே மலைக்காட்டில் நுழைவதற்கு மரபுவழித் தடையான ராஹுயியை விதித்தது. மறு ஆண்டு ஆக்லாந்து மாநகராட்சி அக்காட்டின் பெரும்பகுதியை மூடியது. பாஸ்பைட் ஊசி நோயின் வேகத்தைத் தணிக்கிறது. முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. கவுரியைக் காப்பதற்கான தேசியத் திட்டம் 2022இல் சட்ட வலுவோடு நடைமுறைக்கு வந்தது. அதன்படி கவுரிக் காட்டுக்குள் செல்வோர் காலணியிலும் கருவிகளிலும் மண் துளியும் இல்லாமல் துப்புரவு செய்துகொள்ள வேண்டும்.