87 வாக்குகள்: 1948 டெக்சாஸ் முதனிலைத் தேர்தல் சர்ச்சை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1948 ஆகஸ்ட் 28 அன்று ஜனநாயகக் கட்சியின் செனட் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு நடந்தது. இறுதிக் கணக்கின்படி லிண்டன் ஜான்சன் பெற்றவை 4,94,191 வாக்குகள். முன்னாள் ஆளுநர் கோக் ஸ்டீவன்சன் பெற்றவை 4,94,104. ஒன்பது லட்சத்து எண்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வேறுபாடு வெறும் 87. பதினைந்து ஆண்டுகள் கழித்து இதே ஜான்சன் அமெரிக்க அதிபரானார். வியட்நாம் போரை விரிவுபடுத்தியவர் இவர். 1960-களின் நடுவில் இந்தியா பஞ்சத்தில் தவித்தபோது கோதுமைக் கப்பல்களை மாதாமாதம் அளந்து அனுப்பியவரும் இவரே. அந்த 87 வாக்குகளைப் பற்றிய வாதம் அவருடைய வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது.

நம் நாட்டில் ஒரு தொகுதிக்கு யார் வேட்பாளர் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. அமெரிக்காவிலோ பெரும்பாலும் கட்சியின் வாக்காளர்களே வாக்களித்துத் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு முதனிலைத் தேர்தல் என்று பெயர். இதில் வென்றவர்தான் நவம்பர் மாதப் பொதுத் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளரைச் சந்திப்பார். இன்னொன்றையும் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்; நம் முதலமைச்சருக்கு இணையான பதவி அது.

அன்றைய டெக்சாசில் குடியரசுக் கட்சி பெயரளவில்தான் இருந்தது. ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவர் நவம்பரில் வெல்வது ஏறக்குறைய உறுதி. எனவே உண்மையான தேர்தல் கோடைக்காலத்திலேயே முடிந்துவிடும். அந்தத் தேர்தலை நடத்தியதும், எண்ணியதும், முடிவைச் சான்றளித்ததும் கட்சிக் குழுக்களே. கட்சி என்பது தனியார் சங்கம், அதன் உள்விவகாரத்தில் அரசியலமைப்புக்கு வேலை இல்லை என்று சொல்லித்தான் டெக்சாஸ் ஜனநாயகக் கட்சி கறுப்பின மக்களை முதனிலைத் தேர்தலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. 1944-இல் ‘ஸ்மித் எதிர் ஆல்ரைட்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முறியடித்தது. முதனிலைத் தேர்தல் அரசின் தேர்தல் முறையில் ஓர் அங்கம், அதில் இனத்தின் பெயரால் யாரையும் விலக்க முடியாது என்பது அத்தீர்ப்பு. நான்கே ஆண்டுகளில் அதே கேள்வி வேறு உருவில் திரும்பி வந்தது.

இருவரும் இருவேறு வகையினர். ஸ்டீவன்சன் 1888-இல் பிறந்தவர், பண்ணை உரிமையாளர், தாமாகவே சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனவர். 1941 முதல் 1947 தொடக்கம் வரை ஆளுநராக இருந்தார். ஒன்றிய அரசு மாநிலங்களின் காரியத்தில் தலையிடக் கூடாது என்பதும், நிறப் பிரிவினை நீடிக்க வேண்டும் என்பதும் அவர் கொள்கை. ஜான்சன் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆதரவோடு வளர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர். 1941-இல் நடந்த செனட் இடைத்தேர்தலில் முன்னிலையில் இருந்து, பிறகு வந்த எண்ணிக்கைகளில் 1,311 வாக்குகளில் தோற்றவர். தம் ஆதரவுப் பகுதிகளின் கணக்கை முதலிலேயே வெளியிட்டுவிட்டால், எத்தனை வாக்கு ‘தேவை’ என்று எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிடும் என்பது அன்று அவர் விலை கொடுத்துக் கற்ற பாடம். 1948 ஆகஸ்ட் 27 அன்று, அதாவது வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், அவருக்கு நாற்பது வயது நிறைந்தது. செனட் போட்டிக்காகத் தம் பிரதிநிதிகள் சபை இடத்தைத் துறந்திருந்தார். தோற்றால் கையில் எந்தப் பதவியும் இல்லை.

ஜூலை 24 அன்று நடந்த முதல் சுற்றில் ஸ்டீவன்சன் 71,460 வாக்குகள் முன்னிலை பெற்றார். ஆனால் பாதிக்கு மேல் எவரும் பெறாததால் முதல் இருவருக்கும் இடையே இரண்டாம் சுற்று வந்தது. இடைப்பட்ட ஐந்து வாரங்களில் ஜான்சன் மாநிலத்தைச் சல்லடையாகச் சலித்தார். முதல் சுற்றிலேயே ஹெலிகாப்டரில் ஊர் ஊராக இறங்கிக் கூட்டம் சேர்த்தவர் அவர். அக்காலத்தில் பலரும் ஹெலிகாப்டரைக் கண்ணால் கண்டதே இல்லை.

வாக்குப்பதிவு முடிந்த பிறகு முன்னிலை பலமுறை கைமாறியது. எண்ணிக்கைகளைத் திரட்டியது செய்தித்தாள்கள் சேர்ந்து நடத்திய ஓர் அமைப்பு. அது தந்தது அதிகாரப்பூர்வமற்ற கணக்கு. கவுண்டிகளிலிருந்து திருத்தங்கள் வந்தபடி இருந்தன. (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு.) சில நாட்களில் ஸ்டீவன்சன் சில நூறு வாக்குகள் வித்தியாசத்தில் வென்றுவிட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். செப்டம்பர் 3 அன்று, ஆறு நாள் கழித்து, ஜிம் வெல்ஸ் கவுண்டியின் ஆலிஸ் என்ற ஊரிலிருந்து ஒரு திருத்தம் வந்தது. அங்குள்ள 13-ஆம் வாக்குச்சாவடியில் ஜான்சனுக்கு 765 என்று முன்பு சொல்லப்பட்டது உண்மையில் 965 என்றது அது. ஏழை ஒன்பதாக்க ஒரு வளைவு போதும். அந்த 200 வாக்குகளே முடிவைப் புரட்டின.

தெற்கு டெக்சாசின் அந்தப் பகுதி ஜார்ஜ் பார் என்பவரின் பிடியில் இருந்தது. அடுத்திருந்த டூவல் கவுண்டியின் பெயரால் ‘டூவல் பிரபு’ என்று அழைக்கப்பட்டவர் இவர். மெக்சிகோ வம்சாவளியினரான ஏழைத் தொழிலாளர்களே அங்கு பெரும்பான்மை. வாக்களிக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் தலைவரி கட்ட வேண்டும். ஒன்றரை டாலர் வரி, நாள் கூலிக்காரருக்குப் பெருந்தொகை. வரியைப் பாரின் ஆட்கள் கட்டுவார்கள். வேலை, மருத்துவச் செலவு, ஈமச் செலவு எல்லாம் அவரிடமிருந்து வரும். வாக்கு அவர் சொன்ன இடத்துக்குப் போகும். டூவலில் இம்முறை ஜான்சனுக்கு 4,600-க்கு மேல், ஸ்டீவன்சனுக்கு 40. முன்பு ஆளுநர் தேர்தல்களில் இதே கவுண்டி இதே போன்ற எண்ணிக்கையில் ஸ்டீவன்சனுக்கு வாக்களித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். லரேடோ பகுதி அரசு வழக்கறிஞர் பதவிக்குப் பார் தரப்பு சொன்னவரை ஆளுநர் ஸ்டீவன்சன் நியமிக்க மறுத்ததே பகைக்குக் காரணம் என்பர்.

ஸ்டீவன்சன் நேரில் ஆலிசுக்குப் போனார். உடன் வந்தவர் பிராங்க் ஹேமர். 1934-இல் பானி, கிளைடு என்ற கொள்ளை இணையைச் சுட்டு வீழ்த்திய குழுவுக்குத் தலைமை தாங்கிய முன்னாள் டெக்சாஸ் ரேஞ்சர். வாக்காளர் பட்டியல் பாருக்குச் சொந்தமான வங்கி ஒன்றில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. சிறிது நேரமே பார்க்க விட்டார்கள். பட்டியலின் கடைசியில் சுமார் 200 பெயர்கள் ஒரே கையெழுத்தில், முந்தைய பெயர்களிலிருந்து மாறுபட்ட மையில், அகர வரிசையில் இருந்தன என்று பார்த்தவர்கள் கூறினர். பத்து நாள் வருகையை ஒரே மூச்சில் நிரப்பிய பதிவேடு எப்படி இருக்கும் என்பதை எந்த ஆசிரியரும் பார்த்த உடனே சொல்வார். வாக்காளர்கள் அகர வரிசையில் வந்து வரிசையில் நிற்பதில்லை. நினைவில் வைத்துக் குறித்துக்கொண்ட சில பெயர்களைத் தேடிப் போனபோது, தாங்கள் வாக்களிக்கவே இல்லை என்று சிலர் சொன்னார்கள். சில பெயர்களுக்கு உரியவர்கள் ஏற்கெனவே இறந்திருந்தனர்.

இதற்குப் பிறகு நடந்த வாதங்கள்தான் இக்கட்டுரையின் மையம்.

ஸ்டீவன்சன் தரப்பின் வாதம் எளியது: பட்டியலைத் திறங்கள், எண்ணுங்கள். ஜான்சன் தரப்பு மூன்று படிகளில் பதில் சொன்னது. முதலாவது, வாக்குப்பதிவுக்குப் பின் திருத்தம் வருவது டெக்சாசில் வழக்கம். ஸ்டீவன்சனுக்குச் சாதகமாகவும் பல கவுண்டிகளில் திருத்தம் வந்தது. இரண்டாவது, பாரின் வாக்குகளை முன்பு மகிழ்ச்சியோடு வாங்கியவர் இன்று அவற்றைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது, கவுண்டிக் குழு சான்றளித்த கணக்கை மாற்ற யாருக்கும் சட்டத்தில் இடமில்லை. ஜிம் வெல்ஸ் கவுண்டிக் கட்சிக்குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் அந்தக் கணக்கைத் திருத்திவிடக் கூடும் என்ற நிலை வந்ததும், அதைத் தடுக்கும் ஆணையை மாநில நீதிமன்றம் ஒன்றில் ஜான்சன் தரப்பு பெற்றது. முதல் இரண்டு வாதங்களிலும் கணிசமான உண்மை இருந்தது. ஆனால் அந்த 200 பேர் வாக்களித்தார்களா என்ற கேள்விக்கு மூன்றில் எதுவும் பதில் இல்லை.

செப்டம்பர் 13 அன்று கட்சியின் மாநில நிர்வாகக் குழு போர்ட் வொர்த் நகரில் கூடியது. ஜான்சனுக்கு ஆதரவாக 29, எதிராக 28. ஒரே ஒரு வாக்கு. மறுநாள் கட்சி மாநாடு அதை ஏற்றது. அந்த மாநாட்டின் பின்னணியில் இன்னொரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அதிபர் ட்ரூமன் கறுப்பின மக்களுக்கு உரிமை அளிக்க முன்வந்ததால் தெற்கத்திய ஜனநாயகக் கட்சியினரில் ஒரு பிரிவினர் பிரிந்து, ஸ்ட்ரோம் தர்மண்டைத் தனியே அதிபர் வேட்பாளராக நிறுத்தியிருந்தனர். மாநாட்டில் ட்ரூமன் ஆதரவாளர்கள் கை ஓங்கியது. எதிர்ப்பாளர்கள் நிறைந்த பிரதிநிதிக் குழுக்கள் வெளியேற்றப்பட்டன. ட்ரூமன் ஆதரவாளர்கள் ஜான்சனுக்கு வேண்டியவர்கள். ஆலிஸ் பட்டியலைப் பற்றி அங்கு வந்தவர்களில் பலருக்கும் ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது; அதிபர் தேர்தலில் யார் பக்கம் என்பதைப் பொறுத்தே அது அமைந்தது.

அடுத்து ஸ்டீவன்சன் செய்தது வியப்புக்குரியது. வாழ்நாள் முழுவதும் மாநில உரிமை பேசியவர், ஒன்றிய நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அரசியலமைப்பு தரும் உரிமை தம்மிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது அவர் முறையீடு. முதனிலைத் தேர்தல் தனியார் காரியம் அல்ல என்று 1944 தீர்ப்பு சொல்லியிருந்த அதே தர்க்கத்தை நிறப் பிரிவினையின் ஆதரவாளர் கையில் எடுத்தார். எதிர்ப்புறத்தில், ஒன்றிய அரசின் கரத்தை வலுப்படுத்தும் அரசியலில் வளர்ந்த ஜான்சனின் வழக்கறிஞர்களோ, மாநிலத் தேர்தலில் ஒன்றிய நீதிமன்றம் தலையிடவே கூடாது என்று வாதிட்டனர். ஒரே வாரத்தில் இருவரும் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டது போல் இருந்தது. அதில் யாருக்கும் கூச்சம் இருந்ததாகவும் தெரியவில்லை.

நீதிபதி விட்ஃபீல்ட் டேவிட்சன் ஜான்சனின் பெயரை வாக்குச்சீட்டில் அச்சிடத் தடை விதித்தார். இருவர் பெயரையும் நவம்பர் வாக்குச்சீட்டில் போட்டு மக்களே முடிவு செய்யட்டும் என்று ஒரு யோசனையும் சொன்னார். ஸ்டீவன்சன் சம்மதித்தார், ஜான்சன் மறுத்தார். உண்மையறிய நியமிக்கப்பட்ட அதிகாரி ஆலிசில் விசாரணையைத் தொடங்கினார். வாக்காளர் பட்டியல்கள் காணாமல் போயிருந்தன. பெட்டிகள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அந்த நேரத்தில், வழக்கறிஞர் ஏப் ஃபோர்டாசின் யோசனைப்படி ஜான்சன் தரப்பு வாஷிங்டனில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹியூகோ பிளாக்கிடம் முறையிட்டது. ஒன்றிய நீதிமன்றத்துக்கு இதில் அதிகாரம் இல்லை என்று கருதிய பிளாக், செப்டம்பர் இறுதியில் டேவிட்சனின் தடையை நிறுத்தி வைத்தார். விசாரணை அத்துடன் நின்றது. பின்னர் உச்ச நீதிமன்றமும் ஸ்டீவன்சனின் மனுவை ஏற்க மறுத்தது. 87 வாக்குகள் உண்மையா என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை; யார் விசாரிக்கலாம் என்பதில்தான் தீர்ப்பு வந்தது. நவம்பரில் ஜான்சன் எளிதாக வென்றார். கோபத்தில் ஸ்டீவன்சன் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜாக் போர்ட்டரை ஆதரித்தார். ‘பெருவெற்றி லிண்டன்’ என்ற கேலிப் பெயர் ஜான்சனுக்கு ஒட்டிக்கொண்டது. ஃபோர்டாசை 1965-இல் ஜான்சன் உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார்.

1977-இல், 13-ஆம் சாவடியின் தேர்தல் அதிகாரியாக இருந்த லூயிஸ் சாலஸ், அந்தக் கூடுதல் வாக்குகள் போலியானவை என்றும், அவற்றுக்குத் தாம் சான்றளித்ததாகவும் செய்தியாளரிடம் ஒப்புக்கொண்டார். அப்போது பாரும் ஜான்சனும் உயிரோடு இல்லை. வாதமோ ஓயவில்லை. ராபர்ட் கேரோ 1990-இல் வெளியிட்ட ஜான்சன் வரலாற்றின் இரண்டாம் தொகுதியில், தேர்தல் திருடப்பட்டது என்று மிக விரிவாக எழுதினார். அவரது விவரத் தேடல் அசாத்தியமானது. ஆனால் ஸ்டீவன்சனை நேர்மையின் உருவமாகக் காட்டியதையும், அவரது நிறவாதத்தை மங்கலாக்கியதையும் விமர்சகர்கள் கண்டித்தனர். அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். மறுஆண்டு வெளியான ராபர்ட் டாலெக்கின் நூல், முறைகேடு இரு தரப்பிலும் இருந்தது என்ற கோணத்தை முன்வைத்தது. நல்லவரிடமிருந்து தீயவர் திருடினார் என்ற கதை வாசிக்கச் சுவையானது. 1948-இன் டெக்சாஸ் அதற்கு அவ்வளவு எளிதில் அடங்காது.

இந்த நூற்றாண்டுச் சண்டை முழுவதிலும் அதிகம் பேசப்படாதவர்கள் அந்தப் பட்டியலில் பெயர் எழுதப்பட்டவர்களே. தங்கள் பெயரில் யாரோ வாக்களித்ததை அவர்களில் சிலர் வழக்கறிஞர்கள் வந்து கேட்டபோதுதான் அறிந்தனர். ஜான்சனுக்கு அம்மக்கள் அந்நியரும் அல்லர். 1928-29-இல், கல்லூரிப் படிப்புக்கு இடையில், கொட்டுல்லா என்ற தெற்கு டெக்சாஸ் ஊரில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் படித்த பள்ளியில் அவர் ஆசிரியராக இருந்தார். பசியோடு பள்ளிக்கு வந்த அக்குழந்தைகளை 1965 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் வாக்குரிமைச் சட்டத்துக்காக ஆற்றிய உரையில் நினைவுகூர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் அச்சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. பத்து ஆண்டுகள் கழித்து, 1975-இல் அதே சட்டத்தின் பாதுகாப்பு டெக்சாசின் ஸ்பானிய மொழி பேசும் வாக்காளர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. தேர்தல் படிவங்களும் வாக்குச்சீட்டுகளும் அவர்கள் மொழியிலும் தரப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் பாரும் ஜூனில் ஸ்டீவன்சனும் இறந்தார்கள்.